ரீசெட் ஆகாத பிளக் பாயின்ட்: ஜிஎஃப்சிஐ பழுதும் அதைத் தேடும் முறையும்

அமெரிக்க, கனடிய வீடுகளின் குளியலறை, சமையலறை மேடை, கராஜ், வெளிச்சுவர் ஆகிய இடங்களில் உள்ள பிளக் பாயின்ட்கள் பலவற்றின் நடுவே இரண்டு சிறு பொத்தான்கள் இருக்கும். ஒன்று டெஸ்ட், மற்றொன்று ரீசெட். ஜிஎஃப்சிஐ எனப்படும் இந்த வகை பாயின்ட் திடீரென்று மின்சாரம் தராமல் நின்றுவிடுவது அங்குள்ள வீடுகளில் அடிக்கடி நேர்வது. காரணங்கள் மூன்று வகைக்குள் அடங்கும். எங்கோ மின்சாரம் கசிந்ததால் கருவி தன் வேலையைச் செய்து சுற்றைத் துண்டித்திருக்கலாம். அந்த பாயின்ட்டுக்கு மின்சாரமே வந்து சேராமல் இருக்கலாம். கருவி ஆயுள் முடிந்து செயலற்றுப் போயிருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். எது என்று பிரித்தறிவதுதான் பழுது தேடும் வேலையின் முக்கால் பங்கு. முதல் வகையை மூன்றாம் வகை என்று எண்ணி, கருவியைக் கழற்றிவிட்டுச் சாதாரண பாயின்ட்டைப் பொருத்துவதே இதில் நேரும் தவறுகளில் மிகக் கொடியது. கசிவு அப்படியே இருக்க, அதைக் கண்டு துண்டித்துவந்த ஒரே பொருள் போய்விடுகிறது.

கருவி எதைக் கவனிக்கிறது என்பது தெரிந்தால் பழுதின் போக்கு பாதி விளங்கிவிடும். ஃபேஸ் கம்பி வழியே போகும் மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பி வர வேண்டும். ஜிஎஃப்சிஐக்குள் இந்த இரண்டு கம்பிகளும் ஒரு சிறிய வளையச் சுருளின் நடுவே சேர்ந்து செல்கின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை சுருளில் எதுவும் தோன்றாது. ஈரத் தரையில் நிற்பவரின் உடல் வழியாகவோ, பாயின்ட்டில் மாட்டிய சாதனத்தின் உலோக உறை வழியாகவோ கொஞ்சம் மின்சாரம் மண்ணுக்குப் போய்விட்டால் வருவது குறையும். அந்த வேறுபாட்டைச் சுருள் உணர்ந்தவுடன் உள்ளிருக்கும் மின்னணுச் சில்லு ஒரு மின்காந்தத்தை இயக்கித் தொடுமுனைகளைப் பிரித்துவிடுகிறது. பெரிய கசிவாக இருந்தால் இதெல்லாம் ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும்.

எவ்வளவு வேறுபாட்டில் துண்டிக்க வேண்டும் என்ற அளவு மனித உடலை வைத்து முடிவானது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஸீல், தாமாக முன்வந்தவர்களின் உடலில் சிறு மின்னோட்டங்களைச் செலுத்தி, எந்த அளவுவரை ஒருவரால் பிடித்த கம்பியை விட்டுவிட முடிகிறது என்று அளந்தார். ஏறக்குறைய எல்லா ஆண்களாலும் 9 மில்லி ஆம்பியர் வரையிலும், ஏறக்குறைய எல்லாப் பெண்களாலும் 6 மில்லி ஆம்பியர் வரையிலும் கையை விடுவித்துக்கொள்ள முடிந்தது. அதற்குமேல் போகப் போகத் தசைகள் இறுகிக் கை கம்பியோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். டால்ஸீல் தம் கருவிக்கு 1965இல் காப்புரிமை பெற்றார். வீட்டு ஜிஎஃப்சிஐ 4 மில்லி ஆம்பியருக்குக் கீழே துண்டிக்கக்கூடாது, 6 மில்லி ஆம்பியரில் கட்டாயம் துண்டிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதி. சாதாரண பிரேக்கர் 15 அல்லது 20 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். ஓர் ஆளைக் கொல்லப் போதுமான மின்னோட்டம் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதால், பிரேக்கரை நம்பி ஷாக்கிலிருந்து தப்ப முடியாது. ஜிஎஃப்சிஐயாலும் முடியாத ஒன்று உண்டு. ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டவரின் உடல், கருவியின் கணக்கில் இன்னொரு பல்பு போன்றதே. போவதும் வருவதும் சமமாக இருப்பதால் அது துண்டிக்காது.

இந்தப் பாதுகாப்பு வீட்டுக்குள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அமெரிக்க தேசிய மின்விதித் தொகுப்பு 1968இல் நீச்சல் குளத்து விளக்குகளுக்கு இதைக் கேட்டது. வெளிப்புற பாயின்ட்களுக்கு 1973இலும், குளியலறைக்கு 1975இலும், கராஜுக்கு 1978இலும் விதி விரிந்தது. சமையலறை மேடை 1987இல்தான் சேர்ந்தது. ஆக, வீடு கட்டிய ஆண்டைக் கேட்டாலே அதில் எங்கெங்கே ஜிஎஃப்சிஐ இருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். அந்த ஊகம் பழுது தேடும்போது கைகொடுக்கும். தொடக்க ஆண்டுகளில் கருவி விலை கூடுதலாக இருந்ததால், ஒரே ஒரு ஜிஎஃப்சிஐயை கராஜில் வைத்து, அதன் பின்னால் வீட்டின் எல்லாக் குளியலறை பாயின்ட்களையும் வெளிச்சுவர் பாயின்ட்டையும் கோத்துவிடும் வழக்கம் பரவியிருந்தது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் கட்டிய வீடுகளில் இந்த அமைப்பு இன்றும் நிறையவே உண்டு.

அதனால்தான் மாடிக் குளியலறையில் பாயின்ட் நின்றுபோனால், அதன் ரீசெட் பொத்தான் கீழே கராஜில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கக்கூடும். குளியலறை பாயின்ட்டில் பொத்தானே இருக்காது. மழைக்காலத்தில் வெளிச்சுவர் பாயின்ட்டில் நீர் புகுந்தால் மாடியில் ஹேர் டிரையர் ஓடாது. 230 வோல்ட்டும் மெயின் போர்டில் ஒரே துண்டிப்பானும் உள்ள வீடுகளில் வளர்ந்து, டெக்ஸாஸிலோ நியூ ஜெர்சியிலோ டொரன்டோவிலோ பழைய வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தொடர்பு எளிதில் மனத்தில் படாது. எலெக்ட்ரீஷியன் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வருகைக் கட்டணம் வாங்கிப் போகும் கதைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. 2011 முதல் ரீசெட் பொத்தான் எளிதில் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பழைய வீடுகளுக்கு அது பொருந்தாது.

தேடலின் முதல் படி அந்தச் சுற்றில் மாட்டியிருக்கும் அனைத்தையும் பிடுங்கிவிடுவது. டிவியைப் போல அணைத்து வைத்தால் போதாது, பிளக்கையே எடுத்துவிட வேண்டும். பல கருவிகளில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே சில பாகங்கள் மின்தொடர்பில்தான் இருக்கும். அதன்பின் ரீசெட்டை உள்ளே அழுந்தும்வரை உறுதியாக அழுத்த வேண்டும். டக்கென்ற ஒலியோடு பொத்தான் உள்ளே நின்றால் பாயின்ட் சரி, கழற்றிய கருவிகளில் ஒன்றுதான் குற்றவாளி. அவற்றை ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்த்தால் அது வெளிப்பட்டுவிடும். சூடேற்றும் இழை உள்ளவையும் நீரோடு பழகுபவையுமே முதலில் சந்தேகத்துக்குரியவை. கெட்டில், காபி மேக்கர், இஸ்திரிப் பெட்டி, பழைய ஃப்ரிட்ஜின் பனி உருக்கும் ஹீட்டர், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் இந்த வரிசை. எந்தக் கருவியும் தனியாகத் தவறு செய்யாமல், எல்லாம் சேர்ந்து தவறு செய்வதும் உண்டு. நல்ல நிலையில் உள்ள கருவியிலும் அரை மில்லி ஆம்பியர் அளவு இயல்பான கசிவு இருக்கலாம். ஒரே ஜிஎஃப்சிஐயின் பின்னால் ஏழெட்டுக் கருவிகளும் நீண்ட கம்பிகளும் சேர்ந்தால் கூட்டுத்தொகை 4 மில்லி ஆம்பியரைத் தொட்டுவிடும். அப்போது கருவிகளைக் குறை சொல்வதில் பயனில்லை. சுமையை இரண்டு ஜிஎஃப்சிஐகளுக்குப் பிரிப்பதே வழி.

எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் ரீசெட் நிற்கவில்லை என்றால், அடுத்த கேள்வி மின்சாரம் வருகிறதா என்பது. புதிய வகை ஜிஎஃப்சிஐகளில் பெரும்பாலானவை மின்சாரம் இல்லாதபோது ரீசெட் ஆகாது. பொத்தான் தளர்வாக உள்ளே போய்த் திரும்பி வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. பிரேக்கர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். விழுந்த பிரேக்கரின் கைப்பிடி முழுவதும் அணைந்த பக்கம் போகாமல் இடைநிலையில் நிற்கும் என்பதால் மேலோட்டமான பார்வைக்கு அது தப்பிவிடும். கைப்பிடியை முதலில் முழுவதும் அணைத்து, பிறகே ஏற்ற வேண்டும். ஏற்றிய கணமே மீண்டும் விழுந்தால் அங்கே ஷார்ட் இருக்கிறது என்று பொருள், திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது தீ விபத்தை அழைப்பதாகும். பிரேக்கரிலேயே டெஸ்ட் பொத்தான் இருந்தால், அந்தச் சுற்றின் மின்கசிவுப் பாதுகாப்போ தீப்பொறிப் பாதுகாப்போ பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு ஜிஎஃப்சிஐக்கு மின்சாரம் தருவது இன்னொரு ஜிஎஃப்சிஐயாக இருப்பதும் உண்டு. அடித்தளம், கராஜ், வெளிச்சுவர், துணி துவைக்கும் அறை என்று வீட்டைச் சுற்றி வந்து, கண்ணில் படும் ஒவ்வொரு ரீசெட்டையும் அழுத்திப் பார்ப்பது கருவி எதையும் கையில் எடுக்காமல் செய்யக்கூடிய கடைசிச் சோதனை.

இதற்கு மேல் பாயின்ட்டைச் சுவரிலிருந்து வெளியே இழுக்க வேண்டியிருக்கும். அதற்குமுன் பிரேக்கரை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதை நம்பகமான டெஸ்டரால் உறுதிசெய்ய வேண்டும். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதையும் மின்சாரம் உள்ள இன்னொரு பாயின்ட்டில் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. கம்பியைத் தொடாமலே ஒலி எழுப்பும் பேனா டெஸ்டர் அமெரிக்க வீடுகளில் பரவலாக உண்டு. ஆனால் அது ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தால் டெஸ்டர் உற்சாகமாக ஒலிக்கும், பாயின்ட் மட்டும் வேலை செய்யாது. நியூட்ரல் இல்லாமல் ஜிஎஃப்சிஐயின் மின்னணுச் சுற்றுக்கும் உயிர் இல்லை. ஆகவே மல்டிமீட்டரை வைத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சுமார் 120 வோல்ட் இருக்கிறதா என்றும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு என்றும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டாவது அளவு 120 காட்ட, முதலாவது எதுவும் காட்டாவிட்டால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. பாயின்ட்டின் பின்புறத் துளையில் கம்பியைச் செருகி விடும் பழைய முறையில், காலப்போக்கில் பிடி தளர்ந்து இப்படி அறுபடுவது சகஜம். அறுந்த இடம் இந்த பாயின்ட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதற்கு முன்னால் உள்ள, நன்றாக வேலை செய்யும் பாயின்ட்டின் பின்னால்கூட இருக்கலாம்.

கருவியின் பின்புறத்தில் லைன், லோட் என்று இரண்டு இணை முனைகள் உண்டு. பிரேக்கரிலிருந்து வரும் கம்பிகள் லைனிலும், அடுத்தடுத்த பாயின்ட்களுக்குப் போகும் கம்பிகள் லோடிலும் இணைய வேண்டும். புதிய கருவியில் லோட் முனைகளை மஞ்சள் நாடா ஒட்டி மூடியிருப்பார்கள். இவை இடம் மாறினால் பழைய கருவிகளில் ஓர் அபாயமான நிலை உண்டானது. டெஸ்ட் அழுத்தினால் டக்கென்று துண்டிக்கும், ஆனால் அதன் முகப்புத் துளைகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். 2006க்குப் பிறகு வந்த கருவிகள் இடம் மாறிப் பொருத்தினால் மின்சாரமே தராது. அண்மையில் மாற்றிய கருவி முதல் நாளிலிருந்தே ரீசெட் ஆகவில்லை என்றால் இந்தத் தவறைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முழுத் தேடலிலும் தீர்ப்புச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. பிரேக்கரை அணைத்து, லோட் முனைகளில் உள்ள இரண்டு கம்பிகளையும் கழற்றித் தனித்தனியே மூடியிட்டு, லைனை மட்டும் விட்டு, பிரேக்கரை ஏற்றி ரீசெட் அழுத்த வேண்டும். லைனில் சரியான 120 வோல்ட் இருந்தும் பொத்தான் நிற்காவிட்டால் கருவி இறந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். நின்றால் கருவி நல்லது. கசிவு அதன் பின்னால் உள்ள கம்பியிலோ பாயின்ட்களிலோ இருக்கிறது. பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் கருவியை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் கடைக்காரருக்குத்தான் உதவி செய்கிறார்கள்.

பின்னால் உள்ள கசிவைத் தேடும்போது சுற்றை நடுவில் வெட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும். வரிசையில் ஆறு பாயின்ட்கள் இருந்தால் மூன்றாவதில் மேற்கொண்டு போகும் கம்பிகளைக் கழற்றி ரீசெட் செய்து பார்த்தால், குறை முன்பாதியிலா பின்பாதியிலா என்பது ஒரே தடவையில் தெரிந்துவிடும். வெளிச்சுவர் பெட்டியில் ஈரம், பூச்சிக்கூடு, துருப்பிடித்த திருகு ஆகியவை முதலில் தேட வேண்டியவை. படம் மாட்ட அடித்த திருகு சுவருக்குள் கம்பியின் உறையைக் கீறியிருப்பதும், உலோகப் பெட்டியின் விளிம்பு உறையை அறுத்திருப்பதும் அடுத்தவை. மழை பெய்தால் விழுந்து, காய்ந்த பிறகே ரீசெட் நிற்கும் ஜிஎஃப்சிஐ பெரும்பாலும் வெளிப்புறப் பெட்டியையோ, டிசம்பரில் ஈரப் புல்மீது கிடக்கும் அலங்கார விளக்குகளின் இணைப்பையோ சுட்டுகிறது. பிளக் மாட்டியிருக்கும்போதும் மூடி நிற்கும் குமிழ் மூடியை வெளியில் பொருத்தச் சொல்வது இதற்காகத்தான்.

எந்தக் கருவியும் ஓடாதபோதும், ஃபேஸில் கசிவே இல்லாதபோதும் ஜிஎஃப்சிஐ விழுவதைக் கண்டு பலர் திகைப்பார்கள். லோட் பக்கத்தில் எங்காவது நியூட்ரல் கம்பி எர்த் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அப்படி நேரும். நெருக்கமான பெட்டிக்குள் பாயின்ட்டைத் திணிக்கும்போது வெறும் எர்த் கம்பி நியூட்ரல் திருகில் சாய்ந்துவிடுவது இதற்கு வழக்கமான காரணம். கருவிக்குள் இதைக் கண்டறியவே இரண்டாவது சுருள் ஒன்று இருக்கிறது. இரண்டு ஃபேஸ்கள் ஒரே நியூட்ரலைப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய வயரிங்கில், லோட் பக்கத்து நியூட்ரல் இன்னொரு சுற்றோடு கலந்திருந்தாலும் போவதும் வருவதும் சமமாகாது. அங்கே கசிவைத் தேடிக் கிடைக்காது, இணைப்பு முறையைத்தான் திருத்த வேண்டும்.

மல்டிமீட்டரின் ஓம் அளவு இந்த இடத்தில் ஓரளவு உதவும். 120 வோல்ட்டில் 5 மில்லி ஆம்பியர் கசிய 24 கிலோ ஓம் தடை போதும். எல்லாம் கழற்றிய நிலையில் லோட் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டிய தடை சில ஆயிரம் ஓம்களாக இறங்கியிருந்தால் குறை அங்கேதான். ஆனால் மீட்டரின் பேட்டரி தரும் சில வோல்ட்டில் ஈரக் கசிவு தன்னைக் காட்டாமலும் போகலாம். எலெக்ட்ரீஷியன்கள் இதற்குக் காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரைப் பயன்படுத்துவார்கள். ஜிஎஃப்சிஐ, டிம்மர் போன்ற மின்னணுப் பொருள்கள் சுற்றில் இருக்கும்போது மெகரை இயக்கினால் அவை பழுதாகக்கூடும், ஆகவே அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை.

எர்த் கம்பியே இல்லாத பழைய வீடுகள் அமெரிக்காவில் ஏராளம். அத்தகைய சுற்றில் ஜிஎஃப்சிஐ பொருத்த விதி அனுமதிக்கிறது, எர்த் இல்லை என்ற சீட்டை அதில் ஒட்ட வேண்டும். கருவி எர்த் கம்பியை நம்பி வேலை செய்வதில்லை என்பதால் பாதுகாப்பு குறையாது. அங்கே மூன்று விளக்குள்ள பிளக் டெஸ்டரை மாட்டி அதன் பொத்தானை அழுத்தினால் ஜிஎஃப்சிஐ விழாது. டெஸ்டர் எர்த் வழியே கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது, போக வழியில்லாததால் எதுவும் நடப்பதில்லை. அதை வைத்துக் கருவி கெட்டது என்று சொல்வது தவறு. கருவியில் உள்ள டெஸ்ட் பொத்தான் ஒரு தடையின் வழியே சுருளைச் சுற்றிச் சிறு மின்னோட்டத்தை அனுப்புவதால், எர்த் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்மையைச் சொல்லும்.

இந்தியாவில் இதே பணியை மெயின் போர்டில் உள்ள ஆர்சிசிபி செய்கிறது. தமிழ்நாட்டு எலெக்ட்ரீஷியன்கள் பலர் அதை இன்னும் ஈஎல்சிபி என்றே சொல்வார்கள். வீடுகளில் அதன் அளவு பொதுவாக 30 மில்லி ஆம்பியர். பாயின்ட் தோறும் பாதுகாப்பு இல்லாமல் வீடு முழுவதற்கும் ஒன்று என்பதால், கசிவு எங்கிருந்தாலும் வீடே இருண்டுவிடும். சுற்றுக்கொன்றாக உள்ள எல்லா எம்சிபி பிரேக்கர்களையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றிப் பார்ப்பது அங்கே வழக்கமான முறை. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒற்றை முனை எம்சிபி ஃபேஸை மட்டுமே வெட்டும். ஒரு சுற்றில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால், அதன் எம்சிபியை இறக்கினாலும் குறை நீங்காது, வேறொரு சுற்றில் மிக்ஸியை ஓட்டும்போது ஆர்சிசிபி விழும். பழி மிக்ஸியின் மீது போகும். இன்வெர்ட்டர் வைக்கும்போது அதன் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு வெளியே கலந்துவிட்ட வீடுகளிலும் இதே குழப்பம் நேரும். நியூட்ரலைக் கழற்றிப் பிரித்துப் பார்க்காமல் இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

கருவியே பழுதான நிலைக்கு வந்தால், அதிலும் இரண்டு வகை உண்டு. துண்டித்த நிலையில் இறந்த ஜிஎஃப்சிஐ தொந்தரவு மட்டுமே தரும். மின்சாரம் தந்துகொண்டே, துண்டிக்கும் திறனை மட்டும் இழந்த ஜிஎஃப்சிஐதான் ஆபத்தானது. அது நின்றுபோவதே இல்லை என்பதால் யாரும் பழுது தேடுவதும் இல்லை. மின்னல், மின்னழுத்த ஏற்றம், கடலோர ஈரம் ஆகியவை உள்ளிருக்கும் சில்லையோ மின்காந்தத்தையோ அழித்துவிட, முகப்பு வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருக்கும். 2015 ஜூன் மாதத்துக்குப் பின் தயாரான கருவிகள் தம்மைத் தாமே அவ்வப்போது சோதித்து, குறை கண்டால் மின்சாரத்தை நிறுத்தவோ விளக்கால் எச்சரிக்கவோ வேண்டும் என்று தரவிதி மாறியது. அதற்கு முற்பட்டவை டெஸ்ட் அழுத்தினால் ஒழிய உண்மை சொல்லாது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும்படி அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்வதும் இதனால்தான்.

மாற்றும்போது பழைய இணைப்பை நிழற்படம் எடுத்துக்கொண்டு, லைன் கம்பி எது என்பதை நிறத்தை வைத்து ஊகிக்காமல் அளந்து அறிய வேண்டும். கம்பிகளைப் பிரித்து ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, பிரேக்கரை ஏற்றினால் 120 வோல்ட் காட்டும் இணை லைன். பிரேக்கரை மீண்டும் அணைத்த பிறகே பொருத்த வேண்டும். வெளிச்சுவருக்கு வானிலை தாங்கும் வகையும், வீட்டுக்குள் குழந்தைகள் கம்பி செருக முடியாத மூடித் துளை வகையும் வேண்டும். கருகிய மணம், சூடான முகப்பு, வெள்ளத்தில் மூழ்கிய பெட்டி, 1965 முதல் 1973 வரையிலான பல வீடுகளில் உள்ள அலுமினியக் கம்பி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வீட்டுக்காரர் கையை எடுத்துவிட்டு உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு மேசை விளக்கை அந்த பாயின்ட்டிலும், அதன் பின்னால் உள்ள ஒவ்வொரு பாயின்ட்டிலும் மாறி மாறி மாட்டி, டெஸ்ட் அழுத்தும்போது எல்லா இடத்திலும் அது அணைகிறதா, ரீசெட் அழுத்தியதும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தெந்த பாயின்ட் எந்த ஜிஎஃப்சிஐயைச் சேர்ந்தது என்பதை அப்போதே எழுதி பிரேக்கர் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தால் அடுத்த முறை தேடல் அந்தத் தாளிலிருந்தே தொடங்கும்.